இந்த மனிதன்தான் அறிகிறான்

ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டு இருட்டு. பாதிரிமார் வேதப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மற்றப் புத்தகங்களை எல்லாம் மூடி வைத்தார்கள். அறிவு என்றால் என்ன என்று கேட்டவனைக் கொளுத்தினார்கள். அப்புறம் பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த்தே வந்தார், விளக்கு எரிந்தது. ஏற்காட்டு அடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் தொடங்கி சேலம், நாமக்கல் வரை, புத்தகம் படிக்கிற யாரிடம் கேட்டாலும் இந்தக் கதை சொல்லப்படும். கல்லூரிப் பேராசிரியரும் இதையே சொல்வார், பகுத்தறிவு மேடைப் பேச்சாளரும் இதையே சொல்வார். கிறித்துவர்களில் பலரும் தங்கள் தரப்புக்கு வாதாடத் தெரியாமல் தலையாட்டிவிடுவார்கள்.

இந்தக் கதை இங்கே வேர்பிடித்ததற்குக் காரணம் உண்டு. 1944 ஆகஸ்ட் 27 அன்று நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது சேலத்தில்தான். அதற்கும் முன்பே சுயமரியாதை இயக்கம் இங்கர்சாலையும் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலையும் தமிழில் கொண்டுவந்து ஊர் ஊராகப் படிக்கவைத்தது. புரோகிதன் சொன்னால் அப்படியே நம்பாதே என்ற சந்தேகம் எங்களைப் பள்ளிக்கூட வாசலுக்குள் அனுப்பிய சந்தேகம். அதை நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. ஆனால் சந்தேகிப்பவன் தன் கையிலிருக்கும் கதையையும் சந்தேகிக்க வேண்டும். நடுக்காலக் கிறித்துவச் சிந்தனையாளர்கள் அறிவை நம்பிக்கையிடம் அடகு வைத்தவர்கள் என்பது படிக்காமலே கைமாறி வந்த தீர்ப்பு. உண்மையில் அவர்களில் கூர்மையானவர் எட்டிய முடிவு, பகுத்தறிவாளனுக்கு வேண்டிய முடிவு: அறியும் ஆற்றல் ஒவ்வொரு மனிதனுக்கும் சொந்தம், அதை யாரும் மேலிருந்து ஊற்ற வேண்டியதில்லை.

முதல் குற்றச்சாட்டு: அறிவு வேதத்திலிருந்து வருகிறது, கண்ணும் காதும் தேவையில்லை என்று அவர்கள் சொன்னார்களாம். தாமஸ் அக்வினாஸ் (1225–1274) எழுதிய இறையியல் பெருநூலில், முதற்பாகத்தின் 84 முதல் 89 வரையுள்ள வினாக்களைப் புரட்டினாலே இது நிற்காது. மனித அறிவு பிறக்கும்போது எதுவும் எழுதப்படாத பலகை என்று அரிஸ்டாட்டில் சொன்னதை அவர் ஏற்கிறார். பலகையில் எழுத்து விழுவது புலன்கள் வழியாகத்தான். மனத்தில் முன்பே பதிந்த கருத்துகள் உண்டு என்ற பிளேட்டோவின் கொள்கையை நேராக மறுக்கிறார். பிறவியிலேயே பார்வையற்றவனுக்கு நிறம் பற்றிய அறிவு இல்லை. அறிவு முன்பே உள்ளே இருந்திருந்தால் அவனுக்கும் அது இருக்க வேண்டுமே என்பது அவர் வாதம். 1690-இல் ஜான் லாக் மனத்தை வெள்ளைத்தாள் என்றதும் புது யுகம் பிறந்ததாக நம் பாடநூல்கள் கொண்டாடுகின்றன. நானூறு ஆண்டு முன்பே அதைச் சொன்னவர் துறவி என்பதால் அவர் பெயர் விடுபட்டுப் போகிறது.

அவர் லாக்கைவிட ஒரு படி மேலேயும் போனார். சித்திரை மாதம் சேலத்துப் பழக்கடையில் ஒரு குழந்தை நிற்கிறது என்று வையுங்கள். குண்டு, மல்கோவா, இமாம்பசந்த் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. கண் பார்ப்பது இந்தப் பழத்தின் இந்த மஞ்சளை. மூக்கு முகர்வது இந்த வாசனையை. ‘மாம்பழம்’ என்ற பொதுவை எந்தக் கண்ணும் பார்த்ததில்லை. ஆனாலும் நாலு நாளில் குழந்தை, இதுவரை பார்க்காத ஒரு ரகத்தைக் காட்டி “இதுவும் மாம்பழம்” என்கிறது. எப்படி?

அக்வினாஸ் தரும் விடை இது. புலன்கள் வாங்கியதை உள்ளே ஒரு படிமமாகக் கற்பனை பிடித்து வைக்கிறது. அந்தப் படிமம் இன்னும் ‘இந்த’ப் பழத்தின் படிமம்தான். அதன்மேல் அறிவின் ஒரு ஆற்றல் வேலை செய்து, இந்த அளவு, இந்தக் கீறல், இந்தக் கூடை என்பதையெல்லாம் ஒதுக்கி, மாம்பழமாக இருப்பது எதுவோ அதை மட்டும் பிரித்தெடுக்கிறது. இதைச் செயல்படும் அறிவு என்றார்கள். பிரித்தெடுத்ததை வாங்கி வைத்துக் கருத்தாக்குவது ஏற்கும் அறிவு. நிறம் இருட்டிலும் பொருளோடு இருந்தாலும் வெளிச்சம் பட்டால்தான் கண்ணுக்குத் தெரியும். அதுபோல இந்த ஆற்றல் படிமத்தின்மேல் விழும் வெளிச்சம் என்பது அரிஸ்டாட்டிலிடமிருந்து வந்த உவமை. அதோடு முடியவில்லை. கிடைத்த கருத்தை மறுபடி நினைக்க வேண்டுமானாலும் அறிவு திரும்பத் திரும்பப் படிமத்திடம் போயாக வேண்டும். தலையில் அடிபட்டவன் முன்பு தெரிந்ததையும் நினைக்க முடியாமல் தவிப்பதை இதற்குச் சான்றாகக் காட்டுகிறார். சிந்தனைக்கு மூளை வேண்டும் என்று நாம் இன்று சொல்லும்போது கையில் எடுப்பதும் இந்தச் சான்றைத்தான்.

கடவுளைப் பற்றிய இயற்கையான அறிவும் இதே வழியில்தான் வரவேண்டும் என்கிறார். புலனுக்குப் பட்ட விளைவுகளிலிருந்து காரணத்துக்கு ஏறலாம். கடவுளின் சாரத்தை இந்த வாழ்க்கையில் இயல்பான அறிவால் காண முடியாது. புலன்களைப் புறந்தள்ளிய சமயவாதி என்று ஒருவரைத் திட்ட வேண்டுமானால் தயவு செய்து வேறு ஆளைத் தேடுங்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டு: பெரியவர் சொன்னார் என்றால் வாய் மூடினார்களாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பீட்டர் அபெலார்ட் 158 கேள்விகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் திருச்சபைத் தந்தையர் சொன்ன ‘ஆம்’களையும் ‘இல்லை’களையும் எதிரெதிரே அடுக்கி, தீர்ப்புச் சொல்லாமல் மாணவர் கையில் கொடுத்தார். அடுத்த நூற்றாண்டில் பல்கலைக்கழகங்களில் வழக்கமான எழுத்துமுறையே வழக்காடும் முறைதான். ஒரு கேள்வி, அதற்கு எதிராளி சொல்லக்கூடிய வாதங்கள் முதலில், பிறகு தன் விடை, கடைசியில் எதிர்வாதம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதில். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரில் பரபக்கத்தை (பிறர் கொள்கை மறுப்பை) முடித்த பிறகே சுபக்கத்துக்கு (தன் கொள்கைக்கு) வருவதைக் கண்ட தமிழ் வாசகனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நூலை மூடமதி என்று நாம் சொல்வதில்லை. அதே காலத்தில் அதே ஒழுங்கோடு பாரிசில் எழுதியவர்களை மட்டும் எப்படிச் சொல்கிறோம்?

மனித அறிவை அடிப்படையாகக் கொண்ட ‘பெரியவர் சொன்னார்’ என்ற வாதமே வாதங்களில் மிகப் பலவீனமானது என்று அக்வினாஸ் எழுதியிருக்கிறார். இறைவெளிப்பாட்டின் அதிகாரத்தை மட்டும் அவர் இதிலிருந்து விலக்கி, அதை மிக வலுவானது என்றார். அந்த விலக்கை நான் மறைக்கவில்லை. அதை ஏற்கவும் நம்மில் பலருக்கு மனம் வராது. ஆனால் அறிவு எப்படிப் பிறக்கிறது என்ற ஆராய்ச்சியில் அவர் அந்த விலக்கைச் சாவியாகப் பயன்படுத்தவில்லை. அங்கே அவர் பேசுவது கண், படிமம், தலைக்காயம், பார்வையற்றவன்.

இங்கே ரஸ்ஸலை இழுப்பார்கள். முடிவை முன்பே வைத்துக்கொண்டு வாதம் தேடுபவன் தத்துவவாதி ஆக மாட்டான் என்று அவர் மேலைத் தத்துவ வரலாற்றில் அக்வினாஸைப் பற்றிச் சொன்னது உண்மை. அதற்கு ஆங்கிலத் தத்துவ அறிஞர் அந்தோனி கென்னி கொடுத்த பதிலையும் படியுங்கள்: வாழ்நாள் முழுதும் நம்பிவந்த எளிய கணக்கை நிரூபிக்க நூற்றுக்கணக்கான பக்கம் எழுதியவரா இதைச் சொல்வது? முடிவு முன்பே தெரிந்ததா என்பது வாதத்தின் தரத்தைச் சொல்லாது. வாதம் நிற்கிறதா, விழுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். பகுத்தறிவின் முதல் பாடம் அதுதானே?

இனி வழக்கின் மையத்துக்கு வருகிறேன். அந்த வெளிச்சம், அந்தச் செயல்படும் அறிவு, யாருடையது? பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாரிசில் இதைவிடச் சூடான கேள்வி இல்லை. அரிஸ்டாட்டிலின் ஆன்மா பற்றிய நூல் இந்த இடத்தில் தெளிவாக இல்லாததால் ஆளுக்கொரு விடை சொன்னார்கள். இஸ்லாமியத் தத்துவ அறிஞர் இப்னு சீனா, அது மனிதர் எல்லோருக்கும் வெளியே மேலே நிற்கும் ஒரே சக்தி என்றார். கொர்தோவாவின் இப்னு ருஷ்து (1126–1198) இன்னும் போய், ஏற்கும் அறிவும்கூட எல்லா மனிதருக்கும் ஒன்றே என்றார். அகுஸ்தீன் (354–430) காலத்திலிருந்து வந்த கிறித்துவ மரபோ, மாறாத உண்மையைக் காணக் கடவுளின் ஒளி மனத்தில் பட வேண்டும் என்றது. அந்த வழியில் வந்த சிலர், கடவுளே அந்தச் செயல்படும் அறிவு என்று முடித்தார்கள். சோதனை அறிவியலின் முன்னோடி என்று நம் மேடைகள் புகழும் ரோஜர் பேக்கனும் அவர்களில் ஒருவர்.

ஒரு துறவிக்கு இதைவிட வசதியான, பக்தியான விடை கிடைக்குமா? கடவுள்தான் உன்னுள்ளே அறிகிறார் என்று சொன்னால் பிரசங்கத்துக்கும் அழகு, மேலிடத்துக்கும் மகிழ்ச்சி. அக்வினாஸ் அதை மறுத்தார். ஆற்றலைக் கொடுத்தவர் கடவுள் என்று அவர் நம்பினார். ஆனால் கொடுத்த பிறகு அது அந்தந்த ஆளின் ஆற்றல். கையும் காலும் எப்படி என்னுடையவையோ அப்படியே அறியும் ஆற்றலும் என்னுடையது. 1270-இல் அறிவு ஒன்றே என்ற கொள்கையை மறுத்துத் தனி நூல் எழுதினார். அந்த நூல் முழுதும் ஒரு சாதாரண உண்மைமேல் நிற்கிறது: இந்த மனிதன் அறிகிறான். எல்லோருக்கும் பொதுவான ஏதோ ஒன்று அவன் மூலமாக அறிகிறது என்றால், சுவரிலிருக்கும் நிறத்தை நான் பார்க்கும்போது சுவரே பார்க்கிறது என்று சொல்லலாமே என்று கேட்டார். சுவர் பார்க்கப்படுகிறது, பார்ப்பதில்லை. என் உள்ளத்துப் படிமங்களை வேறொன்று பார்த்து அறிந்தால், நான் அறியப்படுகிறேனே தவிர அறிபவன் ஆவதில்லை. எல்லா மனிதருக்கும் அறிவு ஒன்றே என்றால் விருப்பமும் ஒன்றாகும். அப்புறம் யாரைப் புகழ்வது, யாரைக் குற்றம் சொல்வது?

தமிழனுக்கு இந்தச் சண்டை அந்நியமில்லை. அறிவது ஒன்றே, பலவாகத் தோன்றுகிறது என்ற அத்வைதத்தை, அதே பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான போதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களால் மெய்கண்டார் எதிர்கொண்டார். உயிர்கள் பல, அவற்றின் அறிவும் தனித்தனி என்றார். ஆனால் உயிர் இறைவன் அறிவிக்க அறியும் தன்மையது என்று சைவ சித்தாந்தம் அடுத்த அடி வைத்தபோது அது அகுஸ்தீன் பக்கம் சாய்கிறது. அக்வினாஸ் அந்த இடத்தில் வேறு பாதை பிடிக்கிறார். இரண்டு தரப்பையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிற ஒரு வகுப்பு இங்கே நடந்திருந்தால், ‘இருண்ட காலம்’ என்ற கதை முதல் வாரத்திலேயே விழுந்திருக்கும்.

மூன்றாவது குற்றச்சாட்டு: சிந்தித்தவர்களைத் தடுத்தார்கள், எரித்தார்கள் என்பது. இது பாதி உண்மை. தடை இருந்தது. 1210-இல் பாரிசில் அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களைப் பாடம் நடத்தக் கூடாது என்று ஆணை வந்தது. 1277 மார்ச் 7 அன்று ஆயர் எத்தியேன் தாம்பியே 219 கருத்துகளைக் கண்டித்தார். அக்வினாஸின் கருத்துகளுக்கு மிக நெருங்கியவையும் அந்தப் பட்டியலில் சிக்கின. ஒத்ரெகூர் நிக்கொலாஸ் என்பவர், ஒரு பொருள் இருப்பதிலிருந்து வேறொரு பொருள் இருப்பதை ஐயத்துக்கிடமின்றிப் பெற முடியாது என்று வாதிட்டார். டேவிட் ஹியூமுக்கு நானூறு ஆண்டு முன்பு. அவர் 1346-இல் கண்டிக்கப்பட்டார். மறு ஆண்டு பாரிசில் அவர் எழுத்து எரிக்கப்பட்டது. இந்தக் கொடுமையை வெள்ளையடிக்க மாட்டேன்.

ஆனால் எரிக்க ஏதோ இருந்தது என்பதையும் கவனியுங்கள். யாருமே சிந்திக்காத ஊரில் 219 கருத்துகளைக் கண்டிக்க வேண்டிய தேவை எங்கிருந்து வரும்? 1210-இல் தடுக்கப்பட்ட அரிஸ்டாட்டிலை 1255-இல் அதே பாரிஸ் கலைப்பிரிவு கட்டாயப் பாடமாக்கியது. 1323-இல் அக்வினாஸைப் புனிதர் ஆக்கினார்கள்; 1325-இல் அவரைத் தொட்ட அளவுக்குக் கண்டனத்தைப் பாரிஸ் திரும்பப் பெற்றது. அவர் சொன்னதை எல்லோரும் ஏற்றார்களா என்றால் அதுவும் இல்லை. டன்ஸ் ஸ்கோட்டஸ் அறிவுக்கு ஒரு பொருளை நேரே பற்றும் வழியும் உண்டு என்றார். ஒக்காம் வில்லியம், இடையில் எந்தப் பிரதிநிதியும் வேண்டாம், தனிப்பொருளை அறிவு நேராகவே பிடிக்கிறது, பொது என்பது நம் மனத்துக் குறி மட்டுமே என்று அக்வினாஸின் அமைப்பையே தட்டினார். எல்லோரும் துறவிகள், எல்லோரும் ஒரே திருச்சபை, ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவர் விடவில்லை. இதை இருட்டு என்றால் வெளிச்சத்துக்கு என்ன அடையாளம் வைத்திருக்கிறீர்கள்? தெக்கார்த்தேவின் பெருமையும் குறையவில்லை; அவர் யேசுசபையாரின் லா ஃபிளேஷ் பள்ளியில் இந்த மரபைப் படித்து வளர்ந்தவர். நான் ஏமாந்தாலும் ஏமாறுவதற்கு நான் இருந்தாக வேண்டுமே என்ற வாதம் அகுஸ்தீனிடமே இருக்கிறது.

நாலாவது: இதெல்லாம் வெள்ளைக்காரன் விவகாரம், நமக்கு என்ன? இதற்குப் பதில் நம் மண்ணிலேயே நடந்து போயிருக்கிறது. யேசுசபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி (1577–1656) ரோமில் அக்வினாஸின் இறையியல் படித்து, 1606-இல் மதுரைக்கு வந்து, தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டவர். 1623-இல் மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டு, திருச்சி வழியாக, ராமச்சந்திர நாயக்கர் ஆண்ட சேந்தமங்கலத்துக்கும் பிறகு சேலத்துக்கும் வந்தார். காவி உடையையும் பூணூலையும் மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அவரை வேடதாரி என்று முடித்துவிடுகிறோம். அவர் எழுதிய ஆத்தும நிர்ணயத்தை யார் படித்தார்கள்? ஆன்மா என்றால் என்ன, உடலோடு அதற்கு உள்ள உறவு என்ன, அது அழியுமா, மறுபிறவி எடுக்குமா என்று பாரிஸ் மரபின் கேள்விகளை வடசொல் கலந்த தமிழ் உரைநடையில் வாதித்த நூல் அது. தெக்கார்த்தே ஐரோப்பாவில் எழுதிய அதே தலைமுறையில், செய்யுளே நூல் என்றிருந்த தமிழில் இந்த வேலை நடந்தது. யேசுசபை அறிஞர் ச. இராசமாணிக்கம் 1960களில் நொபிலியின் நூல்களைப் பதிப்பித்துக் கையில் கொடுத்தும் நம் தத்துவ வகுப்புகள் எட்டிப் பார்க்கவில்லை.

மறுபிறவியை அவர் மறுத்ததற்கும் அறிவுக் கோட்பாட்டுக்கும் நேர்த் தொடர்பு உண்டு. அக்வினாஸ் மரபில் ஆன்மா என்பது வண்டியில் ஏறி இறங்கும் பயணி கிடையாது. இந்த உடலை உயிருள்ள உடலாக்கும் வடிவம். இந்தக் கண்ணால், இந்தப் படிமங்களால்தான் அது அறிகிறது. ஆகவே இன்னொரு உடலுக்குள் போய்ப் புகுந்துகொள்வது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. போன பிறவிப் பாவம் இந்தப் பிறவிச் சாதி என்ற கணக்கை எதிர்ப்பவனுக்கு இது கூர்மையான ஆயுதம்.

இந்த இடத்தில் என் தரப்பின் கறையையும் நானே சொல்லிவிடுகிறேன், எதிராளி சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். நொபிலி சாதியை எதிர்க்கவில்லை. மேல்சாதியாரோடு பழக, பரவர் கிறித்துவர்களிடமிருந்து விலகி நின்றார். மதுரை மிஷன் 1640-இலிருந்து மற்றச் சாதியாருக்கென்று பண்டார சுவாமிகளைத் தனியாக வைத்தது. அக்வினாஸ் திருச்சபைக்கு மாறான கொள்கையில் பிடிவாதமாக நிற்பவனுக்கு மரண தண்டனை தகும் என்று எழுதினார். இவற்றுக்கு மன்னிப்புக் கிடையாது. ஆனால் எந்த அளவுகோலால் இவர்களைக் குற்றவாளி என்கிறோம்? ஒவ்வொரு மனிதனுக்கும் அறியும் ஆற்றல் முழுதாக, சொந்தமாக உண்டு என்ற அளவுகோலால். அதைத் தருக்கத்தோடு நிறுவியவர்களே அதற்குத் துரோகம் செய்தார்கள். துரோகத்தைக் கண்டிக்கலாம், அதற்காக அளவுகோலை ஒடிக்கக் கூடாது.

இன்று அந்த அளவுகோலை ஒடிப்பவர்கள் யார் என்று பாருங்கள். மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளை விடுதியில் அடைத்து, பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் திணித்த பள்ளிகளை நாமக்கல் பக்கம் ‘பிராய்லர் பள்ளி’ என்று ஊரே சொன்னது. அறிவு வெளியிலிருந்து ஊற்றப்படுவது, பிள்ளை வெறும் பாத்திரம் என்ற நம்பிக்கைமேல் நிற்கும் கடை அது. மேடையில் பாதிரியின் இருட்டைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அந்தப் பள்ளிக்குப் பணம் கட்டியவர்கள் நம்மில் ஏராளம். அக்வினாஸ் ஆசிரியரைப் பற்றித் தனியாகவே ஆராய்ந்தார். மருத்துவர் மருந்து தருகிறார், குணமாவது உடலின் சொந்த இயல்பால். அப்படியே ஆசிரியர் அடையாளங்களையும் எடுத்துக்காட்டுகளையும் வைக்கிறார், அறிவது மாணவனின் சொந்த வெளிச்சத்தால் என்றார். மாணவன் தானே அறியாதவரை அங்கே நம்பிக்கை உண்டு, அறிவு இல்லை. நெட்டுருப் போட்ட விடையை நம்பிக்கை என்று ஒரு துறவி சொல்கிறார். நாம் அதைக் கல்வி என்கிறோம்.

ஆகவே பகுத்தறிவாளர்களிடம் என் கோரிக்கை எளியது. கடவுளை ஏற்க வேண்டாம், திருச்சபையை மன்னிக்க வேண்டாம். சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியையும், அக்வினாஸின் 79 முதல் 89 வரையுள்ள வினாக்களையும், ஆத்தும நிர்ணயத்தையும் ஒரே மேசையில் விரித்துப் படியுங்கள். தவறு கண்டால் வாதத்தால் உடையுங்கள். அவர்கள் கேட்டதும் அதைத்தான். படிக்காமல் இருட்டு என்று சொல்பவன், பெரியவர் யாரோ சொன்னதை நம்புகிறான். அந்த வகை வாதத்தை அக்வினாஸ் எப்படி மதிப்பிட்டார் என்பது மேலே இருக்கிறது.